கன்ட்ரோல் லைன் விமானம்: தனியாக இறங்குகிறவர்களுக்கு

கன்ட்ரோல் லைன் விமானம் ஒன்றைக் கட்டி ஒழுங்காகப் பறக்கவைக்க எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. கையை விட்டுப் போன பணம் 26,000 ரூபாய்க்குக் குறையாது. அதில் பாதிக்கு மேல் போயிருக்கவே வேண்டாம். வலது கை ஆள்காட்டி விரலில் தையல் போட்ட தழும்பு தனி. மதுரைப் பக்கம் இதைத் தெரிந்த ஒருவரும் எனக்குக் கிடைக்கவில்லை. கேட்க ஆள் இல்லாமல் ஒவ்வொன்றையும் உடைத்து உடைத்துத்தான் தெரிந்துகொண்டேன். இன்னொருவர் அதே வழியில் போகக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இதில் ரேடியோ கிடையாது. வட்டத்தின் நடுவில் நிற்கிறவர் கையில் ஒரு பிடி இருக்கும். அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் விமானத்தின் இடது இறக்கை வழியாக உள்ளே போய், பெல்கிராங்க் என்ற முக்கோணத் துண்டில் மாட்டியிருக்கும். பிடியைச் சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும், பெல்கிராங்க் திரும்பும், அதிலிருந்து வாலுக்குப் போகும் தள்ளுகம்பி எலிவேட்டர் என்ற வால் மடலை ஏற்றும் இறக்கும். அவ்வளவுதான். விமானம் நம்மைச் சுற்றி இடஞ்சுழியாகப் பறக்கும், நாமும் கூடவே திரும்புவோம். அமெரிக்காவில் ஜிம் வாக்கர் என்பவர் 1940களில் தன் ஃபயர்பால் விமானத்தோடு இதைப் பரப்பினார். இன்றைக்கும் உலக அளவில் போட்டி நடக்கிறது. நம் ஊரில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர்கள் முகாமில் பார்த்திருப்பார்கள். நானும் கல்லூரியில் அங்கேதான் பார்த்தேன். சீனியர்கள் பறக்கவிட்டார்கள், நாங்கள் ஓரமாக நின்று கைதட்டினோம். அந்தச் சத்தமும் விளக்கெண்ணெய்ப் புகை வாசனையும் இருபது வருடம் கழித்தும் மறக்கவில்லை.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு நம் சொல் போய்ச் சேருவது கம்பி விறைப்பாக இருக்கும்வரைதான். தளர்ந்த கம்பி எதையும் இழுக்காது, எலிவேட்டர் அதன் போக்கில் கிடக்கும், அடுத்த இரண்டு வினாடியில் விமானம் தரையில் இருக்கும். எஞ்சின், மரம், டேங்க், காற்று என்று எதில் கை வைத்தாலும் "இது கம்பியை விறைக்கவைக்குமா, தளரவைக்குமா" என்று கேட்டுக்கொண்டால் போதும். இந்தக் கேள்வி எனக்குக் கடைசியில்தான் கிடைத்தது.

ஆரம்பம் ஒரு செகண்ட் ஹாண்ட் செட். வெளியூர்க்காரர் ஒருவர் இணையத்தில் விற்றார். 1.5 சி.சி. டீசல் எஞ்சின், தகர டேங்க், பாதி கட்டிய விமானம், கைப்பிடி, 18 மீட்டர் கம்பி, எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய். "ரன்னிங் கண்டிஷன், ரெண்டு தட்டு தட்டினா ஓடும்" என்றார். மாடல் டீசல் என்பது நம் பம்ப்செட் டீசல் போல இல்லை. ஈதர் கலந்த எரிபொருளை அழுத்தத்தாலேயே பற்றவைக்கும் எஞ்சின், பிளக் கிடையாது. சிலிண்டர் தலையில் ஒரு திருகு இருக்கும். அதைத் திருகினால் உள்ளே இருக்கும் கான்ட்ரா பிஸ்டன் இறங்கி அழுத்தம் கூடும், தளர்த்தினால் எஞ்சின் ஓடும் வேகத்தில் அது தானாக மேலே ஏறி அழுத்தம் குறையும். நான் வாங்கிய எஞ்சினில் பழைய விளக்கெண்ணெய் உள்ளேயே காய்ந்து கோந்தாகிப் போயிருந்தது. கான்ட்ரா பிஸ்டன் இறுகிப் போய், திருகைத் தளர்த்தினாலும் ஏறாமல் கீழேயே நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் திருகு சுகமாகச் சுற்றும், எதுவும் தெரியாது. அழுத்தம் அளவுக்கு மேல் இருந்ததால், விரலால் புரொப்பல்லரைத் தட்டியதும் எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைத்தது. நைலான் புரொப்பல்லர், ஓரம் கத்தி மாதிரி. வீட்டம்மா துண்டை எடுத்துச் சுற்றி, பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். 1,800 ரூபாய் அங்கே போனது. விரல் மடக்க முடியாமல் ஒரு மாதம் ஸ்பேனர்கூடப் பிடிக்க முடியவில்லை. வலியைவிட, இதைத் தொடவே இனிப் பயமாக இருக்குமோ என்ற எண்ணம்தான் என்னை அதிகம் வாட்டியது.

பழைய டீசல் எஞ்சின் வாங்குகிறவர்கள் புகைப்படத்தைப் பார்த்து வாங்கவே வேண்டாம். ஓடும்போது எடுத்த வீடியோ கேளுங்கள். அந்த வீடியோவில் அழுத்தத் திருகைத் தளர்த்திக் காட்டச் சொல்லுங்கள். தளர்த்தினால் எஞ்சின் சத்தம் மாறி, விட்டு விட்டு ஓட வேண்டும். திரும்ப முறுக்கினால் சீராக வேண்டும். மாறவே இல்லை என்றால் கான்ட்ரா பிஸ்டன் இறுகியிருக்கிறது. கைக்கு வந்தபின் புரொப்பல்லரை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். உச்சிக்கு வரும்போது துள்ளித் திரும்ப வேண்டும், புஸ்ஸென்று இறங்கிப் போனால் பிஸ்டன் தேய்ந்துவிட்டது. ஒரு இடத்தில் கல் மாதிரி நின்றால் உள்ளே எரிபொருள் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். வலுவாகத் தட்டினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். என்னுடையதை லேத் பட்டறை நண்பர் ஒருவர் சிலிண்டரை மட்டும் கழற்றி, சூடுகாட்டி, பக்குவமாகத் தட்டி எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. விரலுக்குத் தடித்த ரப்பர் குழாய்த் துண்டு ஒன்று போட்டுக்கொள்ளாமல் இப்போது நான் தட்டுவதே இல்லை. விலை பத்து ரூபாய்.

அடுத்த தலைவலி எரிபொருள். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சம அளவு, அதோடு எளிதில் பற்றுவதற்காக ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் நைட்ரேட். எழுதும்போது சுலபம். தனி ஆளுக்கு ஈதர் கொடுக்கக் கெமிக்கல் கடைகள் தயங்கின. எதற்கு, யாருக்கு, கடிதம் உண்டா என்று கேள்வி. ஒரு வழியாகக் கிடைத்தபின் வந்தது வெயில். ஈதர் கொதிப்பது சுமார் 35 டிகிரியில். சித்திரை, வைகாசியில் மதுரையின் சாதாரணப் பகல் வெப்பமே அதைத் தாண்டும். மூடியைத் திறந்தாலே ஆவியாகப் போகும், பார்த்துக்கொண்டே இருக்கும்போது அளவு குறையும். காலையில் நன்றாக ஓடிய எஞ்சின் மாலையில் என்ன தட்டினாலும் அசையாமல் கிடந்ததற்குக் காரணம் எஞ்சின் அல்ல, பாட்டிலில் ஈதர் இல்லை. எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் நீடில் வால்வையும் அழுத்தத்தையும் மாற்றி மாற்றி எத்தனையோ மாலைகள் வீணாகப் போயின. இப்போது விடிகாலையில், திறந்த வெளியில், ஒரு நாளைக்குத் தேவையான அளவு மட்டும் கலக்கிறேன். பாட்டிலை ஈரத்துணி சுற்றி நிழலில் வைக்கிறேன். ஈதர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் எங்கேயோ இருக்கிற அடுப்பில் பற்றிக்கொள்ளும். வீட்டுக்குள், சமையலறைப் பக்கம் கலக்கவே கூடாது. விளக்கெண்ணெயிலும் கவனம் வேண்டும். பூஜைக்கு விற்கிற தீப எண்ணெய் பல எண்ணெய்களின் கலவை, அது எஞ்சினைக் காப்பாற்றாது. சுத்தமான ஆமணக்கெண்ணெய்தான் வேண்டும்.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஒரே ஒரு விஷயம்தான். பால்சா என்ற லேசான மரத்தை எடை பார்க்காமல் வாங்காதீர்கள். 900 மி.மீ. நீளம், 75 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள ஒரு தகடு நல்ல மரமாக இருந்தால் 25 கிராம் அளவில் இருக்கும். அதே அளவில் 40 கிராமுக்கும் வரும், விலை ஒன்றுதான். கூரியரில் எனக்கு வந்த கட்டில் பெரும்பாலும் கனமான ரகம். அதில் கட்டிய முதல் விமானம், எஞ்சினோடு சேர்த்து 600 கிராமைத் தாண்டிவிட்டது. கனம் கூடினால் கம்பி இழுப்பும் கூடுமே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கனத்தைத் தூக்கவே 1.5 சி.சி. எஞ்சின் திணறும், வேகம் வராது. வேகம் போனால் இழுப்பு அதைவிட வேகமாகப் போகும்.

இந்தக் கணக்கை ஒருவர் எனக்கு முதலிலேயே போட்டுக் காட்டியிருந்தால் ஒரு விமானம் மிஞ்சியிருக்கும். கவணில் கல்லைச் சுற்றுகிற மாதிரிதான் இது. வேகம் இரட்டிப்பானால் இழுப்பு நாலு மடங்கு. 450 கிராம் விமானம், 15 மீட்டர் கம்பி, ஒரு சுற்றுக்கு 5 வினாடி என்றால் மணிக்குச் சுமார் 68 கி.மீ. வேகம். கையில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இழுக்கும். சுகமான இழுப்பு. அதே விமானம் ஒரு சுற்றுக்கு 7 வினாடி எடுத்தால் இழுப்பு பாதியாகிவிடும். கொஞ்சம் காற்று அடித்தாலே கம்பி தொங்கிவிடும். எனக்குச் செட்டோடு வந்தது 18 மீட்டர் கம்பி. அது பெரிய எஞ்சினுக்கு உரியது. 1.5 சி.சி.க்கு 12 முதல் 15 மீட்டர் போதும், தடிமன் 0.3 மி.மீ., பல இழை முறுக்கிய ஸ்டெயின்லெஸ் கம்பி. டீம் ரேஸ் போட்டியில் 15.92 மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள், ஒரு சுற்று சரியாக 100 மீட்டர் வரட்டும் என்பதற்காக. அங்கே ஓடுவது 2.5 சி.சி. எஞ்சின். அதைப் பார்த்து நாமும் அந்த நீளம் வைக்க வேண்டியதில்லை.

முதல் முறை பறக்கவிட்டது ஆனி மாதக் கடைசியில், எங்கள் ஊர் ஓரத்து வறண்ட கண்மாயில். மேல்காற்று பிடித்திருந்தது. பக்கத்து வீட்டுப் பையன், பிளஸ் ஒன் படிக்கிறவன், விமானத்தைப் பிடித்திருந்தான். "அண்ணே, விட்டுரட்டுமா?" என்று அவன் கத்தியது எஞ்சின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. தலையாட்டினேன். எழும்பியது. அரைச் சுற்று அழகாக வந்தது, காற்று வரும் பக்கத்துக்குப் போனதும் அது விமானத்தை என் பக்கமாகத் தள்ளியது. கையில் இருந்த இழுப்பு சட்டென்று ஒன்றுமில்லாமல் போனது. பிடியை மேலே சாய்த்தேன், கீழே சாய்த்தேன், எதிலும் பிடிமானம் இல்லை. இறக்கை குத்திச் சீமைக்கருவேலப் புதர் ஓரத்தில் விழுந்தது. கட்ட எடுத்த மாதங்களும் மரம், பசை, பட்டுத்தாள், அதன் மேல் பூசும் டோப் என்ற வார்னிஷ் என்று போட்ட 4,000 ரூபாயும் அங்கே போயின. பையன் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டான். நான் எஞ்சினில் ஏறியிருந்த மண்ணை ஊதிக்கொண்டே நின்றேன், பேச்சு வரவில்லை. அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

காற்று விஷயத்தில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கற்கும் காலத்தில் ஆனி, ஆடியைத் தொடவே வேண்டாம். மாசி, பங்குனியில் விடிகாலை ஆறு மணி வாக்கில் இலை அசையாது, அதுதான் நேரம். இருந்தாலும் லேசான காற்று இருக்கும். காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால் எதிரே விமானம் இருக்கிற இடம்தான் பாதுகாப்பான பக்கம், காற்றே அதை வெளியே தள்ளிக் கம்பியை விறைத்துக் கொடுக்கும். அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். மேலே ஏற்றுவதும் அந்தப் பக்கத்தில்தான். எதிர்ப்பக்கத்தில் கம்பி தளர்கிற மாதிரி தோன்றினால் கையை ஆட்டாதீர்கள், விமானத்தை விட்டு விலகிப் பின்னால் வேகமாக நாலு எட்டு வையுங்கள். விறைப்பு திரும்பிவிடும். அதற்காகவே நடுவில் முள், கல் இல்லாத இடமாகச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது விமானத்தை 450 கிராமுக்குள் கட்டினேன். எடை மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில். கம்பிகள் இறக்கை நுனியில் வெளியே வரும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால். எஞ்சின் இரண்டு டிகிரி வெளிப்பக்கம் பார்க்க, வாலில் நிற்கும் ரடரும் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, வலது இறக்கை நுனியில் 12 கிராம் ஈயம். இவை எல்லாமே விமானம் வட்டத்தை விட்டு வெளியே போகப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். எஞ்சின் பக்கத்து மரத்துக்கு உள்ளும் புறமும் எப்பாக்ஸி பூசினேன். பூசாவிட்டால் எண்ணெய் ஊறி ஒட்டு விட்டுவிடும்.

இது நன்றாகப் பறந்தது, ஆனால் சில சுற்றிலேயே எஞ்சின் நின்றுவிடும். தரையில் வைத்து ஓட்டினால் டேங்க் காலியாகும்வரை பிசிறில்லாமல் ஓடும். பறந்தால் நிற்கும். இறங்கியபின் பார்த்தால் டேங்கில் பாதிக்கு மேல் எரிபொருள். நீடில் வால்வைத் திறந்து பார்த்தேன், புது வால்வு வாங்கினேன், குழாயை மாற்றினேன், எரிபொருள் வடிகட்டி போட்டேன். 2,200 ரூபாய் செலவு, பலன் இல்லை. ஒருமுறை காற்று வரும் பக்கத்தில் எஞ்சின் நின்றுபோய் விமானத்தின் மூக்கு உடைந்தது. வெறுத்துப் போய்த் தகரக் கத்தரியால் டேங்கை வெட்டித் திறந்தேன். உள்ளே எரிபொருளை உறிஞ்சும் பித்தளைக் குழாய் இடது சுவரோடு ஒட்டியிருந்தது. விமானம் இடஞ்சுழியாகச் சுற்றும்போது எரிபொருள் முழுக்க வலது சுவரில், அதாவது வட்டத்தின் வெளிப்பக்கச் சுவரில், போய் ஒதுங்கும். கொஞ்சம் தீர்ந்ததுமே இடது பக்கக் குழாயின் வாயில் வெறும் காற்றுதான். எஞ்சினைத் தலைகீழாக மாட்டுகிற வேறு விமானத்துக்குச் செய்த டேங்க் அது, அப்படிப் புரட்டி வைத்தால் குழாய் சரியான பக்கம் வந்திருக்கும். விற்றவர் அதைச் சொல்லவில்லை. கீழமாசி வீதிப் பக்கம் புனல், குவளை செய்கிற தகர வேலைக்காரர் ஒருவரிடம் படம் வரைந்து காட்டினேன். "எண்ணெய் எந்தப் பக்கம் ஓடும்னு சொல்லுங்க தம்பி, குழாயை அங்கே வைக்கிறேன்" என்றார். ஒரே வாக்கியத்தில் விஷயத்தைப் பிடித்துவிட்டார். வலது சுவரின் பின்மூலையில் குழாயை வைத்து 150 ரூபாய்க்குப் புது டேங்க் பற்றவைத்துக் கொடுத்தார்.

டேங்க் வாங்கினால் திறந்து பார்க்க முடியாது, ஆனால் சோதிக்க முடியும். பாதி நிரப்பி எஞ்சினை ஓடவிட்டு, இன்னொருவரை விமானத்தை வலது இறக்கை கீழே இருக்கும்படி பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். சத்தம் கொஞ்சம் மாறினாலும் தொடர்ந்து ஓட வேண்டும். நின்றால் குழாய் தவறான பக்கம் இருக்கிறது. டேங்கின் நடு உயரமும் நீடில் வால்வின் உயரமும் ஒன்றாக இருக்கட்டும்.

கம்பியையும் பிடியையும் பற்றி இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு நாளும் பறக்கவிடும் முன் கம்பி, பிடி, விமானம் மூன்றையும் மாட்டி விமானத்தின் எடையைப் போலப் பத்து மடங்கு இழுத்துப் பார்க்கிறேன். 450 கிராமுக்கு 4.5 கிலோ. பயணப் பெட்டி எடை போடும் கொக்கித் தராசு 300 ரூபாய்க்குக் கிடைக்கும், அது போதும். கம்பியில் ஒரு மடிப்பு விழுந்தால் நிமிர்த்தி ஓட்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள். பிடியிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு நாடா கட்டாயம். மின்கம்பி கண்ணுக்குத் தெரிகிற மைதானமே வேண்டாம் என்பேன். நாம் பிடித்திருப்பது எஃகுக் கம்பி, மேலே போகிறது கரண்டு. இடிமேகம் இருந்தாலும் அப்படித்தான். இன்னொரு ஆபத்து ஆட்கள். தூரத்தில் நிற்கிறவர்களுக்கு இந்தக் கம்பி தெரியாது, ஆடு மேய்க்கிறவர் சாதாரணமாகக் குறுக்கே நடந்து வருவார். கம்பி நீளத்தைவிட மூன்று மீட்டர் கூடுதலாகச் சுண்ணாம்புப் பொடியில் வட்டம் போட்டு, யாரையும் உள்ளே விடாதிருக்க ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் எஞ்சினைத் தட்ட வேண்டும். இந்த வேலையை அந்தப் பையனும் அவன் தங்கையும் எடுத்துக்கொண்டார்கள்.

டேங்க் மாற்றியபின் ஒரு மாசிக் காலையில் எரிபொருள் தீரும்வரை பறந்தது. சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. கையில் அந்த ஒரு கிலோ இழுப்பு, உயிருள்ள ஒன்றைப் பிடித்திருக்கிற மாதிரியே இருந்தது. ஓட்டும்போது மணிக்கட்டை மடக்காமல் கையை நீட்டித் தோளிலிருந்து அசைத்தால் விமானம் தாவிக் குதிக்காது. எலிவேட்டரில் தள்ளுகம்பியை மாட்டும் ஓட்டைகளில் வெளி ஓட்டையில் மாட்டினால் அசைவு குறையும், ஆரம்பத்துக்கு அதுதான் நல்லது. கண் விமானத்தை விட்டு அகலக் கூடாது. பின்னால் ஓடுகிற மரங்களைப் பார்த்தால் தலை சுற்றி விழுந்துவிடுவோம்.

இன்றைக்குப் புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு நான் டீசல் எஞ்சினைச் சொல்ல மாட்டேன். எனக்கு அந்தச் சத்தம் வேண்டும், அதனால் வைத்திருக்கிறேன். ஆனால் ஈதருக்கு அலைவதும் விரலைக் கிழித்துக்கொள்வதும் பறக்கக் கற்பதற்குத் தேவையில்லாதவை. ஒரு சின்ன பிரஷ்லெஸ் மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, லித்தியம் பேட்டரி, குறித்த நேரத்தில் நிறுத்துகிற டைமர் ஆகியவை, சார்ஜரோடு சேர்த்து 7,000 ரூபாய்க்குள் முடிந்தன. பையனுக்காக அப்படி ஒன்று கட்டியிருக்கிறோம். எரிபொருள் கிடையாது, டேங்க் கிடையாது, எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது, வேகம் கடைசிவரை ஒரே சீர். மிச்சப்படும் பணத்தை நல்ல கம்பிக்கும் பிடிக்கும் போடுங்கள். டைமரை முதல் சில நாட்களுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். பேட்டரி தாங்கும், தலை தாங்காது. அவன் இப்போது மூன்று நிமிடத்துக்கு வந்திருக்கிறான்.